பழைய ஜீப்பில் குளிர்க்காற்று

(சாலையில் கூடிய நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு. உறுப்பினர் விருப்பத்திற்கிணங்க ஆண்டு மலரில் வெளியிடப்பெறுகிறது.)





ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடும் பேரேடுகளோடும் காலங்கழிக்கும் ஓர் எழுத்தர் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச முன்வருவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவர்க்கு இயந்திர நூல் எவ்வாறு தெரியும் என்று வேறு சிலர் வினவக்கூடும். இரண்டு வினாக்களும் நியாயமானவையே. ஆயினும் ரயில் பெட்டியைக் குளிரச் செய்யும் முறையும் ஜீப்பைக் குளிரச் செய்யும் முறையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அன்றியும், வரவும் செலவும் எழுதிப் பழகிய கைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சுகத்தைக் கண்டாலும், இதன் செலவு எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்று பார்க்கத் தோன்றும். பழைய ஜீப்பில் குளிர்சாதனம் பொருத்தலாமா என்னும் வினாவையும் அந்தக் கண்கொண்டே இன்று பார்க்க விரும்புகிறோம்.

நாம் கூடியிருக்கும் இவ்விடத்திற்குச் சாலை என்பதே பெயர். மாமன்னன் இராசராசனின் கல்வெட்டுகளில் இடம்பெற்ற காந்தளூர்ச் சாலை இப்பகுதியே என்று அறிஞர் பலர் கருதுவர். இன்றைய கடைவீதியோ, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் அமைத்தது. கிழக்கே கோட்டை தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் இவ்வீதியில் மளிகையும் பாத்திரமும் பூவும் துணியும் விற்ற தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களுள் பலருடைய வேர் இன்றும் நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் இருக்கிறது. பிழைப்பு இங்கே, குலதெய்வம் அங்கே என்பதுதான் நம் வாழ்வின் அமைப்பு.

1979ஆம் ஆண்டு நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் பாதை திறக்கப்பட்ட பிறகு ஊருக்குப் போவது எளிதாயிற்று. அதில் ரயில்வேக்காரர்களாகிய நமக்குப் பெருமையே. ஆனால் ரயில் நிலையத்தோடு ஊர் முடிந்துவிடுவதில்லையே! நிலையத்திற்கு அப்பால் வாய்க்கால் கரை உண்டு, செம்மண் தடம் உண்டு, மலையடிவாரத்துக் கல்லும் முள்ளும் உண்டு. அங்கே செல்ல நம் தந்தையர் வாங்கி வைத்த வண்டி ஜீப்.

ஜீப்பின் வரலாறு நீங்கள் அறிந்ததே. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக 1941 முதல் பெருந்தொகையில் செய்யப்பட்ட வில்லிஸ் வண்டியே அதன் மூலம். நம் நாட்டில் 1945ஆம் ஆண்டு தோன்றிய மகிந்திரா நிறுவனம் அந்த 1940களிலேயே ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. காவல் துறையும் வனத்துறையும் மின்வாரியமும் தேயிலைத் தோட்டங்களும் அதை ஏற்றன. இடுக்கி மலைநாட்டில் தோட்டத் தொழிலாளர் மருத்துவமனைக்குச் செல்வதும் பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்புவதும் அந்த வண்டியில்தான் என்றிருந்த காலம் நெடுங்காலம்.

அத்தகைய வண்டிகள் சில நம் காலனியிலும் சாலைக் கடைகளின் பின்கட்டிலும் இன்றும் நிற்கின்றன. ஓடவும் செய்கின்றன. ஆனால் அவற்றில் ஏறுவோர் குறைந்துவிட்டனர். இளைஞர் காரை நாடுகின்றனர். முதியோரோ, "அந்தப் புழுக்கத்தில் எங்களால் வர முடியாது" என்று கூறி ஊர்ப் பயணத்தையே நிறுத்திக்கொள்கின்றனர். வண்டியை விற்பதா, குளிர்சாதனம் பொருத்தி வைத்துக்கொள்வதா என்ற பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. இது வண்டியைப் பற்றிய பேச்சுப் போலத் தோன்றும். உண்மையில், பாட்டியும் பேரனும் ஒன்றாக ஊருக்குப் போவார்களா மாட்டார்களா என்பதே அந்தப் பேச்சின் உள்ளடக்கம்.

முதலில் வெப்பத்தின் இயல்பைப் பார்ப்போம். திருவனந்தபுரத்தின் வெயில் மதுரை வெயிலைப் போன்றதன்று, அளவில் குறைவு. ஆனால் கடல் அருகிலிருப்பதால் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும்; ஈரக் காற்றில் வியர்வை உலர்வதில்லை. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், வெட்டிவேர்த் தட்டி நனைந்து காற்றைக் குளிரச் செய்வதும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதனால்தான். வறண்ட நாட்டில் இம்முறை நன்கு பயன்படும். நம் கடற்கரை நாட்டில் பயன் குறைவு. ஆகவே ஈரத்தையும் அகற்றும் இயந்திரமே இங்கு வேண்டும். 1902ஆம் ஆண்டு வில்லிஸ் கேரியர் என்னும் அமெரிக்கப் பொறியியலார் முதன்முதல் வடிவமைத்த சாதனமும் மனிதர் சுகத்துக்காக அன்று. நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக் காகிதம் ஈரத்தால் நீண்டு சுருங்காமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது.

நம் நாட்டு ரயிலில் குளிர்ச்சி வந்த கதை சுவையானது. பம்பாயிலிருந்து பெஷாவர் சென்ற பிராண்டியர் மெயிலில் 1934ஆம் ஆண்டு குளிர்ப்பெட்டி இணைக்கப்பட்டது. பெட்டியின் தரைக்கு அடியில் பனிக்கட்டிப் பாளங்களை அடுக்கினர். மின்கலத்தால் சுழலும் விசிறி அவற்றின்மேல் காற்றைச் செலுத்திப் பெட்டிக்குள் அனுப்பியது. வழியிலுள்ள நிலையங்களில் கரைந்த பனிக்கட்டிக்கு ஈடாகப் புதியவற்றை ஏற்றினர். இன்றும் குளிர்சாதனத்தை ஒரு டன், ஒன்றரை டன் என்று அளக்கிறோமே, அந்த டன் இயந்திரத்தின் எடையைக் குறிப்பதன்று. 24 மணி நேரத்தில் 2,000 பவுண்டு பனிக்கட்டி உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தின் அளவே ஒரு டன். மின்சாரக் கணக்கில் ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாட். ஒரு ஜீப்பைக் குளிரச் செய்ய ஒரு டன்னுக்குக் குறையாமல் வேண்டும். அதாவது, நாள் முழுதும் ஓடினால் ஒரு டன் பனிக்கட்டி செய்யும் வேலையை அந்தச் சிறு பெட்டி செய்யவேண்டும்.

பனிக்கட்டி இல்லாமல் அவ்வேலை நடப்பது எப்படி? கம்ப்ரஸர் என்னும் அமுக்கி ஒரு வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. சூடான அவ்வாயு வண்டியின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன் உள்ள கண்டென்ஸரில் பாய்ந்து, வெப்பத்தை வெளிக்காற்றிற்குக் கொடுத்துத் திரவமாகிறது. பிறகு ஈரம் வடிக்கும் குப்பியைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வு என்னும் நுண்ணிய வாயிலில் நுழைகிறது. அங்கு அழுத்தம் சட்டென்று குறைகிறது. அடுத்துள்ள கூலிங் காயிலில் அத்திரவம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. காற்றிலுள்ள ஈரமும் அங்கே நீராகிக் குழாய் வழியே சொட்டுகிறது. ஆவியான வாயு மீண்டும் கம்ப்ரஸருக்குச் செல்கிறது. மண்பானையின் தத்துவமேதான், பானையில் நீர் ஆவியாகிப் போய்விடுகிறது, இங்கோ ஆவியானதைப் பிடித்து வந்து மறுபடி வேலை வாங்குகிறோம்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். குளிர்ச்சி புதிதாக உண்டாக்கப்படுவதில்லை. உள்ளே இருந்த வெப்பம் வெளியே கொண்டுபோய் விடப்படுகிறது, அவ்வளவே. சுமைகூலி இல்லாமல் சுமை நகருமோ? அந்தக் கூலியை எஞ்சின் கொடுக்கிறது.

கூலி எவ்வளவு என்று பாருங்கள். எம்எம் 540 என்னும் மகிந்திரா ஜீப்பில் பியூஜோ வடிவமைத்த 2,112 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் இருக்கிறது. அது புதிதாக இருந்தபோதே 60 குதிரைச் சக்திக்குச் சற்று மேல்தான். கம்ப்ரஸர் மூன்று முதல் ஐந்து குதிரைச் சக்தி வரை கேட்கும். சமதரையில் ஓடும்போது இது பெரிதன்று. ஏற்றத்தில், முழுப் பாரத்தோடு, முதல் கியரில் ஊரும்போது, முப்பது ஆண்டு உழைத்துத் தேய்ந்த எஞ்சினுக்கு அது பாரமே. ரயிலிலும் இக்கணக்கு உண்டு. பழைய முறைக் குளிர்ப்பெட்டிகளில் சக்கரத்தின் அச்சிலிருந்து பெல்ட் மூலம் ஆல்டர்னேட்டர் சுழன்று மின்சாரம் தந்தது. ஒவ்வொன்றும் 25 கிலோவாட். பயணி விளக்கையும் குளிரையும் கண்டார்; அந்தப் பெல்ட்டை இழுத்த எஞ்சினின் பாட்டை அவர் கண்டதில்லை.

காரில் குளிர்சாதனம் முதன்முதலில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது 1940ஆம் ஆண்டு மாடல் பாக்கார்டு வண்டியில். அதில் கம்ப்ரஸரை நிறுத்தவும் இயக்கவும் கிளட்ச் இல்லை. எஞ்சின் ஓடும் வரை கம்ப்ரஸரும் ஓடும். குளிர் வேண்டாதபோது வண்டியை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றவேண்டும்! இன்று காந்த கிளட்ச் அவ்வேலையை ஒரு பொத்தானில் செய்துவிடுகிறது. ஆகவே எஞ்சின் எப்போது கூலி கொடுக்கவேண்டும், எப்போது வேண்டாம் என்று தீர்மானிக்கும் உரிமை ஓட்டுபவர் கையில் இருக்கிறது. பழைய ஜீப்பில் இவ்வுரிமையை அறிந்து பயன்படுத்துவதே பாதி வித்தை.

இனி, நம் அனுபவத்திற்கு வருவோம். நம் காலனியில் மூன்று குடும்பத்தார் சேர்ந்து 1991ஆம் ஆண்டு எம்எம் 540 ஜீப் ஒன்றை வைத்திருக்கிறோம். துணிக்கூரை வண்டி. பங்குனி உத்திரத்துக்குப் பணகுடிக்கு அப்பால் மலையடிவாரத்தில் உள்ள சாஸ்தாவை வழிபடச் செல்வது மூன்று குடும்பத்தின் வழக்கம். இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். மூத்த தாயார் ஒருவருக்கு வயது 78, மூச்சிரைப்பு உள்ளவர். பக்கத் திரையைத் திறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றும் புழுதியும், மூடினால் வேக்காடு. நான்கு ஆண்டுகளாக அவர் வரவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் கூறினர். "அவரை எப்படி அழைத்துச் செல்வது என்று முதலில் பார்ப்போம், விற்பதைப் பிறகு பார்ப்போம்" என்று பெரியவர்கள் கூறினர். அவ்வாறு தொடங்கியதே இம்முயற்சி.

வேலையை நான்கு படியாகப் பிரித்துக்கொண்டோம். வரிசை முக்கியம் என்பதால் அதை விரித்துச் சொல்கிறோம்.

முதற்படி, எஞ்சினின் உடல்நிலை. குளிர்சாதனம் இல்லாமலே வெயிலில் சூடேறும் எஞ்சினுக்குக் குளிர்சாதனம் பொருத்துவது, காய்ச்சல்காரன் தலையில் மூட்டை ஏற்றுவதற்குச் சமம். ஏனெனில் கண்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. அது வெளியிடும் சூடான காற்றே ரேடியேட்டருக்கு வந்து சேரும். ஆகவே ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தோம். குழாய்கள் பல உப்புப் படிந்து அடைத்திருந்தன. உட்பகுதியைப் புதுப்பித்தோம். தண்ணீர்ப் பம்பு, தெர்மோஸ்டாட், ரப்பர்க் குழாய்கள் யாவும் மாற்றப்பட்டன. விசிறி இழுக்கும் காற்று சிதறாமல் ரேடியேட்டர் வழியாகவே வருமாறு தகட்டுக்கூண்டு அமைத்தோம். பொன்முடி மலைப்பாதையின் 22 கொண்டையூசி வளைவுகளையும் நண்பகலில் ஏறி, சூடுகாட்டும் முள் நடுவிலேயே நிற்பதைக் கண்ட பிறகுதான் அடுத்த படிக்குச் சென்றோம்.

இரண்டாம் படி, வெப்பம் நுழையும் வழியை அடைத்தல். ஓட்டைப் பானையில் நீர் நிறைப்பார் உண்டோ? ஜீப்பில் பெடல் துளை, கியர்க் கம்பித் துளை, கதவிடுக்கு, தரைத்தகட்டின் துரு ஓட்டை என்று எத்தனையோ வாயில்கள். துருவை வெட்டி ஒட்டுப்போட்டோம். துளைகளுக்கு ரப்பர் உறை. தரையில் தடித்த கம்பளிப் பஞ்சும் அதன்மேல் ரப்பர்ப் பாயும். கூரைத் துணிக்கு உட்புறம் இன்னொரு துணி தைத்து, இரண்டிற்கும் இடையே நுரைத்தகடு வைத்தோம். இதற்கு ஆன செலவு குறைவு, பயனோ பெரிது. குளிர்சாதனம் வருமுன்னரே வண்டியின் தரைச்சூடு தணிந்துவிட்டது. குளிர்சாதனம் வாங்கப் பணம் இல்லாதவரும் இந்த அளவிற்குச் செய்துகொள்ளலாம்.

மூன்றாம் படி, மின்சாரம். உள்ளே காற்றைத் தள்ளும் பிளோயர், கண்டென்ஸருக்கு முன் உள்ள மின்விசிறி, காந்த கிளட்ச் ஆகிய மூன்றும் சேர்ந்து 12 வோல்ட்டில் 25 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். அதோடு இரவில் விளக்கும் மழையில் துடைப்பானும் சேர்ந்தால் பழைய ஆல்டர்னேட்டர் தாங்காது. பாட்டரி வடிந்து நடுவழியில் நிற்கவேண்டி வரும். ஆகவே பெரிய ஆல்டர்னேட்டர், தடித்த கம்பி, ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி ஃபியூஸும் ரிலேயும் வைத்தோம். பழைய வண்டிகளில் தீ பிடிப்பதற்கு மெல்லிய கம்பியில் பெருஞ்சுமை ஏற்றுவது ஒரு முக்கியக் காரணம் என்பதை மறவாதீர்கள்.

நான்காம் படியாகவே குளிர்சாதனம் வந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிடும் பெட்டி, கம்ப்ரஸர், கண்டென்ஸர், குழாய்கள் என்னும் தொகுதி அது. கம்ப்ரஸரைத் தாங்கும் பிராக்கெட்டை ஒரு பட்டறையார் மெல்லிய தகட்டில் செய்து கொடுத்தனர். டீசல் எஞ்சினின் அதிர்ச்சி தாங்காமல் 300 கிலோமீட்டருக்குள் அது விரிந்தது; பெல்ட்டும் அறுந்தது. பிறகு வேறொரு கொல்லர் கனத்த இரும்புத் தகட்டில் முக்கோணத் தாங்கு வைத்து, பெல்ட் ஓடும் சக்கரங்கள் நேர்கோட்டில் நிற்குமாறு நூல் பிடித்துச் செய்து தந்தார். இன்றுவரை அசையவில்லை. குழாய்கள் சைலன்ஸரையும் சட்டத்தின் கூரிய விளிம்பையும் தொடாதபடி ரப்பர் வைத்துக் கட்டவேண்டும். கரடுமுரடான தடத்தில் குலுங்கும் வண்டிக்கு இது இன்றியமையாதது.

வாயு நிரப்புவதில் பொறுமை வேண்டும். முன்னாளில் கார்களில் பயன்பட்ட ஆர்-12 என்னும் வாயு வானத்தின் ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி உலகெங்கும் படிப்படியாக விலக்கப்பட்டது. இந்தியாவிலும் 2010ஆம் ஆண்டிற்குள் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. அதன் இடத்திற்கு வந்தது ஆர்-134ஏ. இது ஓசோனை அரிக்காது. ஆயினும் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. அதனால் இத்தகைய வாயுக்களையும் குறைக்க 2016ஆம் ஆண்டு கிகாலியில் உலக நாடுகள் உடன்பட்டன. இந்தியா 2021இல் அதை ஏற்றது. ஆகவே வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது தவறு. அதைப் பிடித்துச் சேமிக்கும் கருவி உள்ள இடத்திலேயே வேலை செய்விக்கவேண்டும். நிரப்புமுன் வெற்றிடப் பம்பினால் அரைமணி நேரமாவது குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்கவேண்டும். ஈரம் தங்கினால் வால்வில் உறைந்து வழியை அடைக்கும். வாயுவை எடைபோட்டு நிரப்பவேண்டும்; கூடினாலும் தீமை, குறைந்தாலும் தீமை. விலை மலிவு என்று சமையல் வாயு போன்ற எரியும் வாயுவை நிரப்பச் சொல்வாரும் உளர். அந்தப் பேச்சுக்கே இடங்கொடாதீர்கள்.

பயன் என்ன? வெளியே 34 பாகை வெப்பம் உள்ள நாளில், அரைமணி ஓட்டத்திற்குப் பின் முன்னிருக்கையில் 27 பாகை, பின்னிருக்கையில் 29 பாகை. புதிய காரின் குளிருக்கு இது நிகராகாது. ஆனால் ஈரம் அகன்ற காற்று, புழுதியில்லாத காற்று. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது குளிர்சாதனத்தோடு 10 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த இரண்டு கிலோமீட்டரே நாம் கொடுக்கும் கூலி. சென்ற பங்குனி உத்திரத்தன்று மூத்த தாயார் எங்களுடன் வந்தார். கடைசி மூன்று கிலோமீட்டர் கல்தடத்தில் ஏறும்போது குளிர்சாதனத்தை நிறுத்தினோம். "ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்டார். "வண்டி மூச்சு வாங்குகிறது, ஆத்தா" என்று பேரன் சொன்னான். "அப்படியானால் அதுவும் என்னைப் போலத்தான், மெதுவாகப் போகட்டும்" என்றார். வண்டியை விற்கும் பேச்சு அதன்பிறகு எழவில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களினின்று பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடுமாறு வண்டியை மாற்றுதல் ஆகாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. துணிக்கூரையைக் கழற்றிவிட்டு இரும்புக்கூரை அமைத்தால் குளிர் நன்கு நிற்கும் என்று பலர் ஆலோசனை கூறினர். கூரையும் உடலமைப்பும் மாறும் வேலை அது. அதனால்தான் துணிக்கூரையை அப்படியே வைத்து உட்புறம் மட்டும் தைத்துக்கொண்டோம். எஞ்சின், கூரை, இருக்கை எண்ணிக்கை இவற்றில் கைவைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்வதே நலம். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கச் செல்லும்போது இதன் அருமை தெரியும்.

இறுதியாக, உயிரைப் பற்றிய எச்சரிக்கை. நிறுத்திய வண்டியில், கண்ணாடியையும் திரையையும் மூடி, எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்காற்றில் உறங்காதீர்கள். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது; உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். 2024 டிசம்பரில் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டி ஒன்றில் இருவர் இறந்து கிடந்ததும், குளிர்சாதனத்துக்காக ஓடிய ஜெனரேட்டரின் நச்சு வாயுவே காரணம் என்று ஆய்வில் தெரிந்ததும் நினைவிருக்கும். பழைய ஜீப்பின் தரையில் ஓட்டை இருந்தால், புகைக்குழாயில் கசிவு இருந்தால், ஆபத்து இரட்டிப்பாகும். குழந்தை உறங்குகிறது என்று வண்டியை ஓடவிட்டுக் கோயிலுக்குள் போகும் தாய்மார்கள் இதை மனத்தில் கொள்ளவேண்டும். மற்றொன்று: ஓடையைக் கடக்குமுன் குளிர்சாதனத்தையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். சுழலும் இதழ் நீரில் மோதினால் வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடக்கூடும்.

"ஜீப் என்றால் காற்றும் வெயிலும் படவேண்டும், குளிர்சாதனம் வைத்தால் அது ஜீப்பா?" என்று வினவும் அன்பர்கள் உண்டு. அவர்களுடைய பற்றை மதிக்கிறோம். பிறந்த நிலையில் மாறாமல் போற்றவேண்டிய அரிய வண்டிகளும் உள; 1940களின் வில்லிஸ் ஒன்று உங்களிடம் இருந்தால், துளையிடும் கருவியை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். ஆனால் குடும்பம் ஏறிச்செல்ல வாங்கிய வண்டியில் குடும்பம் ஏறாவிட்டால், அதை எதற்காகப் போற்றுவது? நாம் பொருத்தியதை நாளை நான்கு திருகாணி கழற்றி எடுத்துவிடலாம்; வண்டியின் உடலை எங்கும் வெட்டவில்லை. சேர்ப்பது எதுவாயினும் திரும்ப எடுக்கக்கூடியதாகச் சேர்ப்பதே மூத்தார் வைத்த பொருளுக்குச் செய்யும் மரியாதை.

வேறு சிலர், "இவ்வளவு செலவு செய்வதைவிடப் புதிய வண்டி வாங்கலாமே" என்பர். சிலருக்கு அதுவே சரி. எஞ்சின் தேய்ந்து, சட்டம் துருவேறி, பதிவு முடியும் நிலையில் உள்ள வண்டிக்குக் குளிர்சாதனம் பொருத்துவது வீண் செலவு. முதற்படிச் சோதனையிலேயே இது தெரிந்துவிடும். அதனால்தான் அதை முதலில் வைத்தோம். வண்டி தேறினால் மேலே செல்லுங்கள். தேறாவிட்டால் ரேடியேட்டர்ச் செலவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசிப் படியை முதலில் செய்து, பெட்டியை வாங்கி மாட்டிவிட்டு, பிறகு எஞ்சின் கொதிக்கிறதே என்று வருந்துவோரைச் சாலையில் அடிக்கடி காண்கிறோம்.

பெரியோர்களே! பேரேட்டின் இடப்பக்கத்தில் வரவு எழுதினால் வலப்பக்கத்தில் செலவு எழுதவேண்டும். குளிர்ச்சியை வரவு வைப்பவர் எஞ்சினின் உழைப்பையும் டீசலையும் செலவில் எழுதட்டும். ஏற்றத்தில் பொத்தானை அணைத்து அந்தக் கணக்கை நேர்செய்யட்டும். அவ்வாறு செய்யும் வீடுகளில் பழைய ஜீப் இன்னும் பல பங்குனி உத்திரங்களுக்கு ஓடும். அடுத்த ஆண்டு ஊருக்குப் போகும்போது பின்னிருக்கையில் முதியவர் ஒருவராவது அமர்ந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வண்டியைச் சோதித்துப் பார்க்க விரும்பும் குடும்பங்கள் ஞாயிறு காலையில் காலனிக்கு ஓட்டி வரலாம்; மூன்று குடும்பத்தாரும் கூடி, தெரிந்த மட்டும் பார்த்துச் சொல்லக் காத்திருக்கிறோம்.